கட்டி இழுத்த காரின் சத்தம்

உங்களில் யாராவது கார் ஷெட்டில் குடியிருந்திருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. நான் இருந்திருக்கிறேன். என்னோடு படித்தவர்கள் கேட்டால், "முதலாளி வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளே இருந்தோம்" என்று சொல்லி முடித்துவிடுவேன். அது பொய்யில்லை. ஷெட்டும் காம்பவுண்டுக்குள்ளேதான் இருந்தது.

எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. பழங்கதை பேசுகிற பருவமில்லை. ஆனாலும் அந்த ஒரு கோடையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா கிழவன் மாதிரி நடக்கிறது. நீங்களும் என்னைப் போல வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவர்கள்தானே. நம்மை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க யார் எதைக் கொடுத்தார்கள் என்று நமக்குள் பேசிக்கொள்ளலாம்.

மணமேல்குடியிலிருந்து அறந்தாங்கி போகிற சாலையில் எங்கள் ஊர். ஊரில் ஒரு அரிசி மில், மில்லுக்கு ஒரு முதலாளி, முதலாளிக்கு ஒரு கார். புதுக்கோட்டையில் ஒரு வக்கீல் ஓட்டிச் சலித்த பிறகு வாங்கியது. அந்தக் காருக்கு டிரைவர் என் அப்பா. தகரக் கூரை போட்ட ஷெட்டில் முக்கால் இடம் காருக்கு. சுவரோரம் மீதியிருந்த நீளத்தில் அப்பா, ஆத்தா, நான். மில்லிலிருந்து பறக்கிற உமித்தூசி காரின் மேல் படியக் கூடாது என்பதால் ஷெட்டின் பெரிய கதவுகளைப் பகலிலும் சாத்தியே வைக்க வேண்டும். வெயில் ஏற ஏறத் தகரம் முறுக்கிக்கொண்டு பட்டென்று வெடிக்கும். பெட்ரோல், சூடான ரெக்சின், ஆத்தா தாளிக்கிற கடுகு எல்லாம் ஒரே வாடையாகி எங்கள் துணியில் ஏறிவிடும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன், "ஒன் சட்டைய மோந்து பாத்தா பஸ்ஸுல போற மாதிரி இருக்குடா" என்பான். அவன் பெருமையாகத்தான் சொன்னான்.

முதலாளி வீட்டு முற்றத்தில் ஒரு வெண்கல மணி தொங்கும். அது அடித்தால் அப்பா போக வேண்டும். அது கேட்கிற தூரத்தைத் தாண்டி அப்பா தன் காரியமாக எங்கும் போனதில்லை. அப்பாவின் டிரைவர் லைசென்ஸ்கூட முதலாளியின் பீரோவில்தான் இருந்தது. "எங்கயாச்சும் தொலைச்சுப்புடுவ, எங்கிட்ட இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொண்டாராம். கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். உழவு மாட்டின் மூக்கணாங்கயிற்றைக்கூடத் தன் கட்டில் தலைமாட்டில் தொங்கவிடுகிற மனிதர் அவர்.

அவருடைய இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். அதிலிருந்துதான் எல்லாம் வந்தது.

சந்தை நாளில் மில் லாரி அரிசி மூட்டையோடு அறந்தாங்கி போகும். முதலாளியும் போக வேண்டும். லாரி போகிற பாதையில்தானே காரும் போகிறது, எதற்கு இரண்டுக்கும் எண்ணெய் ஊற்ற வேண்டும்? லாரியின் பின்னால் வடக்கயிற்றைக் கட்டி, அதன் மறுநுனியைக் காரின் முன்னால் முடிந்துவிடுவார்கள். என்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, அப்பா ஸ்டீயரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். லாரி கிளப்புகிற புழுதியெல்லாம் காருக்குள்தான். முதலாளி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அறந்தாங்கி எல்லை வந்ததும் லாரி நிற்கும். கயிற்றை அவிழ்த்து, காரைத் துடைத்து, என்ஜினைக் கிளப்பி, ஹாரன் அடித்துக்கொண்டு ராஜா மாதிரி சந்தைக்குள் நுழைவார்கள். திரும்பும்போதும் அப்படியே. பெட்ரோலைக் கூப்பனுக்குக் கொடுத்த யுத்த காலத்தில் தொடங்கியது இது. கூப்பன் போன பிறகும் கயிறு போகவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் சத்தம் வந்தது.

முதலில் அது சத்தமே இல்லை. தீப்பெட்டிக்குள் பொன்வண்டு பிடித்து வைப்போமே, காதோரம் வைத்தால் உள்ளே சுரண்டுமே, அந்த மாதிரி ஒரு சுரண்டல். சித்திரைக்குள் அது முனகலாகிவிட்டது. கார் வேகமெடுத்தால் முனகலும் ஏறும், நின்றால் நின்றுவிடும்.

அதே சமயத்தில்தான் எங்களுக்கு ஒரு வாசல் திறந்தது. அறந்தாங்கியில் ஒரு பஸ் முதலாளி, புதுக்கோட்டை லைனுக்கு டிரைவர் வேண்டும், ஆனி பிறக்கும்வரை சீட்டை வைத்திருக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். ஹைஸ்கூலும் ஆனியில்தான் திறக்கும். எங்கள் ஊரில் ஐந்துக்கு மேல் வகுப்பு கிடையாது. அறந்தாங்கியில் என்னை வைத்துக்கொள்ள உறவு கிடையாது. அப்பா அங்கே வேலைக்குப் போனால் நான் படிப்பேன். இல்லாவிட்டால் மில் களத்தில் நெல் துழாவ வேண்டியதுதான். இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். ஆத்தா ராத்திரிச் சோறு போடும்போதெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா போய்க் கேட்டார். முதலாளி மறுக்கவில்லை.

"போ, நான் வேணாம்னா சொன்னேன்? ஒம் பிள்ளை படிக்கணும்ல. ஆனா சத்தத்தோட வண்டிய விட்டுட்டுப் போகாத. எப்படிக் குடுத்தேனோ அப்படிக் குடுத்துட்டுப் போ."

முதலாளி வாயால் நல்ல வார்த்தை வராமல் பஸ் முதலாளி எடுக்க மாட்டார், இருவரும் வேண்டப்பட்டவர்கள். லைசென்ஸோ பீரோவில். ஆக, சத்தம் போனால் நாங்கள் போகலாம். சத்தம் இருக்கும்வரை நாங்களும் இருப்போம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆளாளுக்குச் சத்தம் கேட்டார்கள். முதலாளியின் மைத்துனர், சீட்டு ஸ்பிரிங்தான் என்று அடித்துச் சொல்லிச் சீட்டுக்குள் வைக்கோல் அடைத்தார். கணக்குப்பிள்ளை டிக்கியில் இருந்த சாமான்களையெல்லாம் இறக்கினார். முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையாரைக்கூடக் கழற்றிவிட்டு ஒரு நடை போய் வந்தார்கள். எல்லோரும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்து வருவதைப் பார்த்தால் காருக்கே கழுத்து சுளுக்கியது போலிருக்கும். பிறகு புதுக்கோட்டையிலிருந்து ஒரு ரிப்பேர் மேஸ்திரி வந்தார். கிளச்சை மிதித்து மிதித்துப் பார்த்து, கிளச் பேரிங் போய்விட்டது என்று சொல்லி மாற்றினார். சத்தம் அப்படியே இருந்தது. டிரைவர் கால் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் முதலாளி பஸ்ஸில் வெளியூர் போயிருந்தபோது, தானே தேட ஆரம்பித்தார்.

நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிட்டார்: சத்தம் இல்லை. கிளச்சை மிதித்தார், விட்டார்: இல்லை. அப்படியானால் என்ஜினும் இல்லை, கிளச்சும் இல்லை. காம்பவுண்டைச் சுற்றி ஒவ்வொரு கியராக ஓட்டினார்: எல்லாவற்றிலும் இருந்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருளவிட்டார்: அப்போதும் இருந்தது. "சக்கரம் சுத்துனா சுத்துற ஏதோ ஒண்ணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பின்சக்கரம் இரண்டையும் தூக்கிக் கட்டை கொடுத்து, காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். காருக்குள் கால் வைக்கிற பலகையைப் பெயர்த்தால் கியர்பாக்ஸின் முதுகு தெரியும். நீளமான ஸ்குருடிரைவரின் முனையை இரும்பில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். சக்கரத்தில் வைத்தார், பின் அச்சில் வைத்தார், கடைசியாகக் கியர்பாக்ஸின் வால் பக்கம் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு என் காதில் வைத்தார்.

சத்தம் காதில் கேட்கவில்லை. பல்லில் கேட்டது. மண்ணை மெல்லுகிற மாதிரி.

"பின் பேரிங்கு" என்றார் அப்பா. அவர் முகத்தில் சந்தோஷமில்லை. பேரிங் எப்படித் தேய்ந்தது என்பதும் அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்த சந்தைக்குப் போகையில் நானும் காரில் இருந்தேன். முன்னால் லாரி, நடுவில் கயிறு. அப்பா முதலாளியை முன்சீட்டில் வந்து உட்காரச் சொன்னார். என்ஜின் ஓடவில்லை என்பதால் சத்தம் வெளிச்சம் போட்ட மாதிரி கேட்டது. முதலாளி குனிந்து காலடியில் காதை வைத்துக் கேட்டார்.

"கேக்குதுங்களா?"

"நல்லாக் கேக்குது. இஞ்சின்தான் நிக்கிதே, அப்பறம் எப்படி?"

அப்பா நிதானமாகச் சொன்னார். கியர்பாக்ஸுக்குள் மேலே ஒரு தண்டு, கீழே ஒரு தண்டு. கீழ்த் தண்டு எண்ணெயில் முழுகிக் கிடக்கும். என்ஜின் ஓடினால் அது சுற்றி எண்ணெயை மேலே தெளிக்கும். வண்டியை இப்படி இழுத்துக்கொண்டு போனால் சக்கரத்தோடு சேர்ந்த மேல் தண்டு மட்டும் சுற்றும். எண்ணெய் தெளிக்கிற தண்டு சும்மா கிடக்கும். பேரிங் காய்ந்த தொண்டையோடு மைல் மைலாக ஓடியிருக்கிறது. புதுப் பேரிங் போட்டு, இழுப்பதை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும்.

முதலாளி சிரித்தார். "ஏப்பா, எனக்கே மிஷின் பாடமா? என் மில்லு ஒரு மாசம் நின்னா தேஞ்சா போகுது? ஓடுனாத்தான தேயும். ஓடாத மிஷின் எங்கிட்டுத் தேயும்?"

"ஓடலைன்னு நாம நெனைக்கிறோம் முதலாளி. உள்ள பாதி ஓடுது."

முதலாளி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். புழுதி உள்ளே வந்துகொண்டிருந்தது.

"அப்ப நான்தான் கெடுத்தேங்குற."

"அப்படிச் சொல்லலீங்க."

"வேற எப்படிச் சொன்ன?"

ஊர் எல்லையில் கயிற்றை அவிழ்த்தார்கள். அப்பா காரைத் துடைத்தார். அன்றிலிருந்து முதலாளி பேரிங் என்ற பேச்சையே எடுக்கவில்லை. காலையில் மணி அடிப்பார், அப்பா போய் நிற்பார், "சத்தம் நின்னுச்சா?" என்பார், அவ்வளவுதான். சந்தை தவறாமல் கயிறும் கட்டினார்கள்.

இப்போது யோசித்தால் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மில்லை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவர் அவர். மில்லில் அவர் சொன்னது சரி. அந்தச் சரியை எடுத்துக்கொண்டு காருக்குள் வந்தார், அவ்வளவுதான். தனக்குத் தெரிந்த ஒன்றே தன்னைக் கட்டிப்போடும் என்று அவருக்கு யார் சொல்வது?

வைகாசி கடைசி. பள்ளிக்கூட வாத்தியார் வழியில் பார்த்து, இனியும் தாமதித்தால் ஹைஸ்கூலில் இடம் இருக்காது என்று ஆத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் லாரி ஓட்டுகிற மாமா, மில் வாசல் டீக்கடைக்கு அப்பாவைக் கூப்பிட்டார். எனக்கும் ஒரு பொறை ரொட்டி வாங்கிக் கொடுத்தார்.

"ரெண்டு கை மரத்தூளை அள்ளி கியர்பாக்ஸ்ல போடுங்க மாப்ள. கம்முனு ஆயிரும். கேட்டுப்புட்டு முதலாளியே வண்டி வச்சு ஒங்கள அனுப்பி வைப்பாரு."

"தெரியும். கொஞ்ச நாள் கம்முனு இருக்கும். அப்பறம் இருக்கிற எண்ணெயையும் அடைச்சு, ஓடுறப்பவே இறுக்கிப் பிடிச்சுக்கும். உள்ள யாரு உக்காந்திருப்பா?"

"நீங்க இருக்க மாட்டீங்கள்ல?"

அப்பா கடைசி வாய் டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்தார். ஷெட்டுக்குத் திரும்பியதும் ஆத்தாவிடம் அதைச் சொன்னார். ஆத்தா அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்: "நல்ல டிரைவரா இருக்கிறதாலதான விட மாட்டேங்குறாரு?" அதற்கு மேல் இருவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. நான் தூங்கியிருக்கலாம்.

அந்த வாரமே முதலாளியின் மனைவியை ஆவுடையார்கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். அவரை எல்லோரும் ஆச்சி என்போம். ஆச்சிக்குப் புழுதி ஆகாது. அதனால் கயிறு இல்லை, கார் தன் காலிலேயே போனது. முன்னால் முதலாளி, பின்னால் ஆச்சியும் கைக்கு உதவியாக ஆத்தாவும், ஆத்தா காலடியில் நான். சத்தம் அப்போது முனகல் இல்லை, ஊளை.

"இன்னைக்கு ஜாஸ்தியால்ல இருக்கு" என்றார் முதலாளி.

அப்பா சாலையைப் பார்த்தபடியே கேட்டார். "எது ஜாஸ்தி முதலாளி?"

"சத்தம்ப்பா."

"சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே. நின்னுருச்சுன்னுல்ல நெனைச்சேன்."

முதலாளி திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பின்னாலிருந்து ஆச்சி, "ஆத்தீ, இம்புட்டுச் சத்தம் ஒனக்குக் கேக்கலையா?" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. நான் ஆத்தாவைப் பார்த்தேன். அவள் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பியதும் அப்பா பானட்டைத் துடைக்க ஆரம்பித்தார். முதலாளி சத்தமில்லாமல் அவர் பின்னால் வந்து நின்று, கையிலிருந்த பித்தளைச் செம்பைத் தரையில் போட்டார். அது உருண்டு படியில் மோதியது. அப்பாவின் கை துடைத்துக்கொண்டே இருந்தது. முதலாளி என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"நீ கூப்பிடு தம்பி."

நான் "அப்பா" என்றேன். அவர் கை ஒரு நொடி நின்றது. நின்றதை நான் மட்டும் பார்த்தேன் என்று நினைக்கிறேன். பிறகு துணி மறுபடி நகர்ந்தது. "இன்னும் சத்தமா" என்றார் முதலாளி. நான் இரைந்து கூப்பிட்டேன். இரண்டாகப் பிளந்த குரல் வந்தது. அப்பா திரும்பவில்லை.

முதலாளியின் கண்ணில் தண்ணீர் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், நின்றது. "மில்லுச் சத்தமும் லாரிச் சத்தமும் சேந்து காதைத் தின்னுருச்சு, பாவம்" என்றார். செவிட்டு ஆள் ஓட்டுகிற வண்டியில் இனிமேல் ஏற மாட்டேன் என்று ஆச்சி உள்ளேயிருந்தே சொல்லிவிட்டார். மறுநாள் முதலாளி பீரோவைத் திறந்து லைசென்ஸை எடுத்து அப்பாவின் கையில் வைத்து, "இத வச்சு இனி என்ன பண்ணப்போற? இருந்தாலும் ஒன் பொருளு" என்று காதருகே கத்தினார். சத்தத்தைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் சாமான்களை ஏற்றிப் போக மில் மாட்டுவண்டியையே கொடுத்தார். கேட்டைத் தாண்டியதும் ஆத்தா, "இப்பப் பேசலாம்ல?" என்றாள். அப்பா வண்டிக்காரரின் முதுகைக் கண்ணால் காட்டினார். அவர் முதலாளியின் ஆள். அறந்தாங்கி போய்ச் சேரும்வரை நாங்கள் மூவரும் வாயைத் திறக்கவில்லை. இருபுறமும் வெட்டவெளி. கதவு சாத்திய ஷெட்டுக்குள்கூட எனக்கு அப்படி மூச்சு முட்டியதில்லை.

பஸ் ஷெட்டில் அப்பாவுக்கு முன்னாலேயே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. முதலாளி லாரியில் ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருந்தார். கெடுப்பதற்கு இல்லை. நல்ல மனுஷன், காது போய்விட்டது, பஸ்ஸை மட்டும் கையில் கொடுக்காதீர்கள், ஆனால் பட்டினி போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாராம். பஸ் முதலாளி கையை வாயோரம் குவித்துக்கொண்டு பேசினார்.

"கண்டக்டர் விசில் கேக்கணும்ல? அது கேக்காம எப்படிங்க வண்டிய நிறுத்துவீங்க? ஷெட்டுல வண்டி கழுவுங்க. மாசாமாசம் சம்பளம் வந்துரும்."

அப்பா வாயைத் திறந்தார். என்ன சொல்லியிருக்க முடியும்? எல்லாம் நடிப்பு என்றால், ஊரையே ஏமாற்றியவனுக்குக் கழுவுகிற வேலையும் கிடைக்காது. திறந்த வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். கார் ஷெட்டை விட்டு வெளியே வர ஒரு வழி கண்டுபிடித்தவர், அந்த வழி எங்கே போய் முடியும் என்று பார்க்கவில்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அவ்வளவு நெருக்கடியில் யார்தான் பார்த்திருப்பார்கள்?

பஸ் முதலாளியும் நல்லவர்தான். காது கேட்காதவர் தனியாகப் போனால் திண்டாடுவார் என்று, என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தன் குமாஸ்தாவையும் கூட அனுப்பினார். அதனால் ஹெட்மாஸ்டர் அறையிலும் அப்பா செவிடாகவே இருக்க வேண்டியதாயிற்று.

ஹெட்மாஸ்டர் என்னிடம் ஒரு பாராவை வாசிக்கச் சொன்னார், மனக்கணக்குப் போட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. குமாஸ்தாவைப் பார்த்து, "பையன் கெட்டிக்காரன். இங்க வர்றவங்கள்ல இந்த மாதிரிப் பிள்ளைய நான் அதிகமாப் பாத்ததில்ல. இவன் எவ்வளவு தூரம் வேணாலும் படிப்பான்" என்றார். என் குடும்பத்தில் யாரைப் பற்றியும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அப்பா மேஜைக்கு இந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், சுவரில் தொங்கிய தேசப்படத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். அவர் கழுத்து நரம்பு மட்டும் அசைந்தது.

"அவருக்குக் காது கேக்காதுங்க" என்றார் குமாஸ்தா.

"அடடா. தம்பி, நீயே ஒங்கப்பா காதுல சொல்லு. நல்லாச் சத்தமாச் சொல்லு, அவரும் சந்தோஷப்படட்டும்."

நான் அப்பாவின் தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் குனிந்தார். பஸ் கழுவுகிற சவுக்கார வாடை வந்தது. அவருடைய காதில் வாயை வைத்து, "என்னச் சேத்துக்கிட்டாங்கப்பா, நல்லாப் படிப்பேன்னு சொல்றாங்க" என்று கத்தினேன். குமாஸ்தா பார்த்துக்கொண்டிருந்ததால் முழுத் தொண்டையில் கத்தினேன். வலி தாங்காமல் அப்பா கண்ணை இறுக்கி மூடினார்.

கண்ணைத் திறந்து, "என்னப்பா சொன்னாக?" என்று கேட்டார். நான் மறுபடியும் கத்தினேன்.